பதினைந்தாவது பெயர்

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் எனக்குக் கால் வலியோடு தலைவலியும் சேர்ந்துகொள்ளும். டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரி மேடு ஏறி வீடு வந்து சேருவதற்குள் யாராவது ஒரு தாய் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் நிற்பாள். "அக்கா, பயோ மேத்ஸ் போடட்டுமா, பியூர் சயின்ஸ் போடட்டுமா?" எங்கள் குடியிருப்பிலிருந்து முப்பது வருடமாக ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். அதனால் என்னிடம் கேட்கிறார்கள். நான் அங்கே வார்டு ஆயா என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறவளுக்குப் படிப்பைப் பற்றி நாலு விஷயம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. நான் பிள்ளையைப் பார்த்து, "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்பேன். பிள்ளை தாயைப் பார்க்கும். தாய் என்னைப் பார்ப்பாள். அதற்குமேல் நிற்க எனக்குத் தெம்பு இருக்காது. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ப்ளஸ் டூ என்று ஒன்று வந்து சில வருடங்களே ஆகியிருந்தபோது பத்தாவது எழுதியவர்கள் நாம். குரூப் என்றால் என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. விரும்பிய பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் மட்டும் கையைத் தூக்குங்கள் என்றால் நம்மில் பாதிப் பேர் கையை மடியிலேயே வைத்திருப்போம். மற்றவர்கள் கதை எனக்குத் தெரியாது. என் கதை ஒரு ஜூன், ஒரு ஜூலை, ஒரு ஆகஸ்டுக்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதன் மிச்சம்தான்.

நாங்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். எனக்கு ஏழு வயதில் கப்பல் ஏறினோம். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் வெயிலில் வெந்தோம். கொடைக்கானல் பக்கம் அங்கே மாதிரியே குளிரும், வேலையும் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா எங்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். குளிர் இருந்தது. தேயிலைதான் இல்லை. அப்பா காட்டில், தோல் பதனிட அனுப்பும் சவுக்குப் பட்டை உரித்தார். அம்மா கேரட் தோட்டத்துக்கும் பூண்டுத் தோட்டத்துக்கும் போனாள். வரிசையாக இருந்த எங்கள் பன்னிரண்டு வீடுகளை ஊர்க்காரர்கள் காலனி என்றார்கள். நாங்கள் தோட்டத்து வரிசை வீடுகளைச் சொன்ன மாதிரியே லயம் என்று சொல்லிக்கொண்டோம்.

எதிர்வீட்டில் பெரியம்மா இருந்தாள். இரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. அங்கே ஒரே தோட்டத்தில் வேலை செய்தவள், ஒரே கப்பலில் வந்தவள், அம்மாவைவிட மூத்தவள், அதனால் பெரியம்மா. கணவர் முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அவளுக்கு ஒரே மகன். என் வகுப்புதான், என்னைவிடச் சில மாதம் மூத்தவன். கணக்கில் அவன் ஒரு பிசாசு. வீட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் கணக்குப் போட்டுவைப்பான். பெரியம்மா பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்து அழிப்பாள், அவன் மாட்டுப் பொங்கலன்றே மறுபடியும் ஆரம்பிப்பான்.

எனக்குக் கணக்கு வராது. முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதீர்கள், வரவே வராது. ஆனால் தவளையின் இதயத்தைப் பார்க்காமல் வரைவேன். செம்பருத்தியைக் கீறி உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குவேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பன்னிரண்டு வயதில் டைபாய்டு வந்து இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கே ஒரு சிஸ்டர் என்னைச் சும்மா படுக்க விடாமல், காய்ச்சல் இறங்கிய நாட்களில் பஞ்சு உருட்டச் சொன்னார், தெர்மாமீட்டரில் பாதரசம் எங்கே நிற்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது தன் பழைய டிசெக்ஷன் பாக்ஸைக் கொடுத்தார். தகரப் பெட்டி. உள்ளே நீல வெல்வெட் பள்ளங்களில் ஒரு கத்தரி, இரண்டு இடுக்கி, நாலு ஊசி, ஒரு கத்தி. ஸ்பிரிட் வாசனை போகாமலே இருந்தது. நான் நர்ஸாவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். விளையாட்டுக்குச் சொன்னதல்ல. வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை, பிறகும்கூட.

பத்தாவது ரிசல்ட் மத்தியான பஸ்ஸில் வந்த பேப்பரில் இருந்தது. சீசன் முடியப்போகிற நேரம். நாங்கள் இரண்டு பேரும் ஏரிப் பக்கம் டூரிஸ்டுகளுக்குக் கேரட் கட்டு விற்றுக்கொண்டிருந்தோம். பேப்பரை விரித்து நம்பரைத் தேடி இரண்டு பேரும் கண்டுபிடித்தோம். மீதி இருந்த கேரட்டை நாங்களே கடித்துத் தின்றபடி வீட்டுக்கு நடந்தோம். மார்க் ஷீட் வந்தபோது எனக்கு அறிவியலில் எண்பத்தொன்பது, கணக்கில் நாற்பத்தொன்று. அவனுக்குக் கணக்கில் நூறு.

எங்கள் பள்ளிக்கூடம் அந்த வருடம்தான் மேல்நிலைப் பள்ளி ஆனது. செகண்ட் குரூப்பில் தாவரவியலும் விலங்கியலும். என் பெயரை அதில்தான் எழுதிக்கொடுத்தேன். கணக்கு இருக்கிற ஃபர்ஸ்ட் குரூப் வேண்டுமென்றால் குறைந்தது பதினைந்து பேர் சேர வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் அந்த குரூப்பே கிடையாது. வந்தது பதினான்கு.

கணக்கு வாத்தியார் திண்டுக்கல் பக்கத்துக்காரர். கல்யாணமாகாதவர், எங்கள் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டும் மூக்கு ஒழுக நடப்பவர். பெரிய வகுப்புக்குக் கணக்கு நடத்த வேண்டும் என்பது அவருக்கு வெறி. கிளாவரை பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரைக்கும் போய் பையன்களைத் தேடிப் பார்த்திருக்கிறார். ஒருவனும் சிக்கவில்லை. ஜூன் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், தூறலில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார்.

அவருக்கு ஸ்டூல் போட்டார்கள். பெரியம்மாவும் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வந்து நின்றாள். நான் உள்ளே பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு பேருங்க. ஒண்ணுதான் கொறையுது," என்றார் வாத்தியார். "பாப்பா பேரக் குடுத்தீங்கன்னா பதினஞ்சு. ஜூலைல ஆபீசர் வருவாரு, தலைய எண்ணிட்டு வெரசா கீழ எறங்கிருவாரு. அவர் சோலி அவ்வளவுதான். அதுக்கப்புறம் பாப்பா செகண்ட் குரூப்புக்கே போயிக்கிரட்டும்."

"நமக்கு இதெல்லாம் வெளங்காதுங்க சார்," என்றார் அப்பா. "புள்ளையோட அம்மாகிட்ட கேளுங்க."

"ஃபர்ஸ்ட் குரூப்புலயும் உயிரியல் இருக்குங்க. நட்டம் ஒண்ணும் கெடையாது. கணக்கு ஒண்ணு கூட, அம்புட்டுதான்."

பெரியம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். "இங்கன அந்தப் படிப்பு இல்லேன்னா எம் புள்ள காட்டு வேலைக்குத்தான் போவணும்," என்று அம்மாவிடம் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவள் மகன் அவர்கள் வீட்டு வாசலில் நின்று மழையைப் பார்ப்பது மாதிரி எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா யோசிக்கவே இல்லை. "அதுக்கென்ன அக்கா. கூடையில ரெண்டு கை கொழுந்து போடுறதுதான," என்றாள்.

வாத்தியாருக்கு அது புரிந்திருக்காது. எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் புரியும். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர் போடுவார்கள், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் காய்ச்சல்காரிகளுக்கும் எடை வராது. அப்போது பக்கத்து நிரையில் எடுக்கிற பெண்கள் எடை போடுமுன் தங்கள் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். கணக்கப்பிள்ளை பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். நான் அம்மா வயிற்றில் இருந்த கடைசி இரண்டு மாதமும் பெரியம்மாவின் கொழுந்துதான் அம்மாவின் கூடையை நிறைத்தது. தன் ஐந்து மாதக் குழந்தையை, வேலைக்காரிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வந்து அம்மாவுக்கும் சேர்த்து எடுத்திருக்கிறாள். இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டு வளர்ந்தவள். பெரியம்மா இல்லாவிட்டால் நான் பட்டினியில் எலியாகப் பிறந்திருப்பேன் என்று அம்மா சொல்லுவாள்.

கொழுந்து மறுநாளும் துளிர்க்கும். பள்ளிக்கூட ரெஜிஸ்டர் அப்படியா என்று அங்கே யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் மட்டும் பூண்டுத்தோல் ஒட்டின கையோடு வாசலுக்கு வந்து கேட்டேன். "அப்புறம் மாத்திருவீங்கல்ல சார்?"

"கண்டிப்பா மாத்திருவேம்மா. நாளைக்கு வெள்ளனே வந்துரு, பேரு எழுதணும்," என்றார் அவர். பொய் சொன்னார் என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. அவரும் அதை நம்பினார்.

எங்கள் வகுப்பு பழைய ஸ்டோர் ரூம். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, சாக்கு தொங்கும். காலையில் உள்ளே வரும் மஞ்சு மூட்டம் பதினொரு மணி வரை எங்களோடு உட்கார்ந்து கணக்குப் படிக்கும். பையன்கள் பதினான்கு பேரும் முன்னால் மூன்று பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரே பெண்ணான எனக்குக் கதவோரம் தனி பெஞ்சு. கதவு திறக்கும்போதெல்லாம் நான் அதன் பின்னால் போய்விடுவேன். நனைந்த கம்பளி ஸ்வெட்டர்கள் காயும் வாசனை, சாக்பீஸ் ஈரத்தில் எழுதாமல் வழுக்கும் சத்தம், வாத்தியாரின் தும்மல். லாகரிதம் டேபிள் என்று மெல்லிய புத்தகம் ஒன்று வாங்கச் சொன்னார்கள். பக்கம் பக்கமாக எண்கள். அதில் எதை எங்கே தேடுவது என்று பெரியம்மா மகன் எனக்கு ஐந்து முறை சொல்லிக்கொடுத்தான். ஆறாவது முறை கேட்க வெட்கமாக இருந்தது.

எங்களுக்கும் செகண்ட் குரூப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு ஹார்டுபோர்டு தட்டி. அந்தப் பக்கம் டீச்சர் பேசுவது ஒவ்வொரு சொல்லும் கேட்கும். இந்தப் பக்கம் கரும்பலகையில் சைன், காஸ். அந்தப் பக்கம் சூலகம், மகரந்தப்பை. நான் கணக்கு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து தாவரவியல் எழுதினேன். டீச்சரின் குரலை வைத்தே படமும் போட்டேன். ஜூலை பாதியில் நோட்டின் இரண்டு பக்கத்து எழுத்தும் நடுவில் வந்து முட்டிக்கொண்டன. கணக்குப் பக்கம் ஒல்லியாகத்தான் இருந்தது.

அந்த வகுப்பில் தவளை அறுக்கப் போகிறார்கள் என்று ஒரு நாள் கேட்டது. என் பழைய பெஞ்சுத் தோழி அந்த குரூப்பில் இருந்தாள். அவளிடம் பெட்டி இல்லை. "நீ வர்ற வரைக்கும் நான் வச்சிருக்கேன்டி," என்றாள். கொடுத்தேன். நான் வரவில்லை என்பதால் அவள் வைத்துக்கொண்டாள், அதில் நியாயம் இருக்கிறது. பிறகு அவளிடமிருந்து வேறொருத்திக்குப் போனது. கத்தரி மட்டும் என்றைக்கோ திரும்பி வந்தது. அம்மா அதைச் சாக்கு தைக்கிற நூல் வெட்ட எடுத்துக்கொண்டாள்.

ஜூலை கடைசியில் ஆபீசர் வந்தார். மலைப்பாதை வளைவில் வாந்தி எடுத்து, கையில் பாதி எலுமிச்சம்பழத்தோடு பச்சை முகமாக வந்து சேர்ந்தார். மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம். கரண்ட் இல்லை. மஞ்சு அன்றைக்குப் பார்த்து அறைக்குள் அடர்ந்து கிடந்தது. அவர் வாசலில் நின்றபடியே பேனாவால் தலைகளைக் குத்திக் குத்தி எண்ணினார்.

"பதினாலு," என்றார்.

வாத்தியார் பதறிப்போனார். "சார், சார், கதவுக்குப் பின்னால ஒண்ணு இருக்குங்க சார்!"

ஆபீசர் கதவை இழுத்துப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். என் பெயரைக் கேட்பார் என்று நினைத்து வாயில் தயாராக வைத்திருந்தேன். "ம், பதினஞ்சு," என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பையன்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. என் வேலை முடிந்தது, திங்கட்கிழமை தட்டிக்கு அந்தப் பக்கம் போய்விடலாம் என்ற சந்தோஷம்.

திங்கட்கிழமை, "ஒரு வாரம் பொறும்மா," என்றார் வாத்தியார். அடுத்த வாரம், "லிஸ்ட் வரட்டும்." அதற்கடுத்த வாரம் என்னைக் கண்டாலே ஸ்டாஃப் ரூமுக்குள் போனார். ஆகஸ்டில் ஒரு நாள் அம்மா வேலைக்குப் போகாமல் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு தலைமையாசிரியர் அறைக்கு வந்தாள். நான் அழுததுதான் காரணம். அழுகை என்றால் மூன்று நாள் சாப்பிடாத அழுகை.

தலைமையாசிரியர் கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பினார். "மாத்தலாம்," என்றார். "செகண்ட் குரூப்புல எடம் இருக்கு. ஒரு லெட்டர் எழுதணும், அவ்வளவுதான். ஆனா இங்க மறுபடியும் பதினாலு ஆயிரும். வருஷத்துக்குள்ள இன்னொரு தடவ எண்ண வருவாங்க. கொறஞ்சா குரூப்ப எடுத்துருவாங்க. மத்த பதினாலு பேரும் அந்தரத்துல நிப்பாங்க."

வாத்தியார் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "நீயே சொல்லும்மா. நாங்க யாரும் உன்னய வற்புறுத்தல. உன் இஷ்டம்தான்."

அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வராந்தாவில் பையன்கள் தண்ணீர்க் குழாயில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதில் பெரியம்மா மகனின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. எனக்குப் பதினைந்து வயது. மூன்று பெரியவர்கள் தீர்க்க வேண்டியதை என் கையில் கொடுத்துவிட்டு, என் இஷ்டம் என்று சொன்னார்கள். அன்று அது மரியாதை என்று நினைத்தேன்.

"இருக்கேன் சார்," என்றேன்.

வாத்தியார் கண் கலங்கிவிட்டார். தலைமையாசிரியர், "இதுதாம்மா நல்ல பிள்ள," என்றார். திரும்பி வரும்போது அம்மா பஸ் ஸ்டாண்டில் எனக்கு மட்டும் க்ரீம் பன் வாங்கிக்கொடுத்தாள், வீட்டில் இருக்கிற தம்பிக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்லி. சாயங்காலம் பெரியம்மா தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தாள். என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அவள் சேலையில் புகையும் பூண்டும் மணத்தன. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் நிமிர்ந்து நடந்தேன். நல்ல பிள்ளை என்ற பெயர் தின்னத் தித்திப்பாக இருக்கும். அதை வைத்துப் பரீட்சை எழுத முடியாது என்பது ப்ளஸ் டூவில்தான் தெரிந்தது.

தேறுவதற்கு இருநூறுக்கு எழுபது வேண்டும். ஐம்பத்தெட்டு எடுத்தேன். திருப்பி எழுதினேன், அறுபத்துமூன்று. மறுபடியும் எழுதினேன், அறுபத்தொன்று. மற்ற எல்லாப் பாடத்திலும் முதல் தடவையே பாஸ். உயிரியலில் நூற்று எழுபத்தெட்டு. நர்ஸிங் பள்ளியில் அப்ளிகேஷனை வாங்கிப் பார்த்த அம்மையார் நல்லவர். அந்த நூற்று எழுபத்தெட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கணக்க முடிச்சிட்டு வாம்மா," என்று திருப்பிக் கொடுத்தார். நான்காவது தடவைக்குப் பணம் கட்டவில்லை. கேரட் கழுவும் தொட்டியில் இரண்டு வருடம். பிறகு கல்யாணம். பிறகு, டைபாய்டில் நான் கிடந்த அதே ஆஸ்பத்திரியில் ஆயா வேலை.

பெரியம்மா மகன் மாவட்டத்திலேயே பேர் சொல்லும்படி மார்க் எடுத்து இன்ஜினியரிங் போனான். பாலம் கட்டுகிற வேலை. பல ஊர், வெளிநாடு, இப்போது கோயம்புத்தூரில் சொந்த வீடு. நன்றாக இருக்கட்டும். அவன் மீது எனக்கு ஒருபோதும் பொறாமை இருந்ததில்லை. அவனுடைய ஒவ்வொரு ஏற்றத்திலும் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாக நினைத்துக்கொண்டேன், யாரிடமும் சொன்னதில்லை. கணக்கு வாத்தியார் இரண்டே வருடத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. என் மகனுக்கு இப்போது அதைவிட அதிகம், அவனை நம்பி ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட விட முடியாது. அதனால் வாத்தியாரை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அம்மா சாகும்வரை அந்தக் கொழுந்துக் கதையைச் சொன்னாள். கடைசியில் என் பேரையும் சேர்த்துச் சொல்லுவாள். "வாங்கின கொழுந்த எம் மக திருப்பிப் போட்டுட்டா."

இத்தோடு நிறுத்தியிருக்க வேண்டிய கதை. போன மழைக்காலத்தில் பெரியம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எங்கள் வார்டுக்கே வந்தாள். எண்பதைத் தாண்டியவள். மகன் காரில் வந்து பத்து நாள் கூடவே இருந்தான். தலை முழுக்க நரை, ஆனால் பேச்சு அதே பேச்சு. ஒரு மத்தியானம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"புள்ள, ஒண்ணு கேக்கணும்னு நெனப்பேன்," என்றான். "பயாலஜில அப்படி மார்க் வாங்கினவ, கணக்குக்கு ஆசப்பட்டு ஏன் வந்த?"

வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்ததைப் பார்த்தவன்தான், எதற்கு வந்தார் என்பது அவனுக்குத் தெரியாது. நாற்பது வருடமாக அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. சும்மா சிரித்தேன்.

"நான் பழனிக்குப் போக வேண்டியவன்தான்," என்றான் தொடர்ந்து. "அங்க ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் குரூப்பும் ஹாஸ்டலும் சேத்து எடம் கெடச்சிருந்துச்சு. சிலோன்ல இருந்து வந்த புள்ளைங்கன்னு சாப்பாடு, தங்கல் எல்லாம் சும்மா. லெட்டரே வந்துருச்சு. அம்மாதான் ஒத்தப் புள்ளய கீழ அனுப்பிட்டு நான் எப்படி இருப்பேன்னு ஒரே அழுக. நல்லவேள, அந்த வருஷம் இங்கயே குரூப் வந்துச்சு."

டீ ஆறிப்போனது. அவனுக்குப் போன் வந்தது, எழுந்து போனான்.

பெரியம்மாவுக்கு உடம்பு துடைக்கிற நேரம். திரையை இழுத்துவிட்டு, வெந்நீரில் துணியை நனைத்துக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "பெரியம்மா, பழனியில எடம் கெடச்சிருந்துச்சா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கெடச்சிருந்துச்சு புள்ள," என்றாள்.

"எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"அவகிட்டதான மொதல்ல சொன்னேன். வாத்தியார் வர்றதுக்கு முந்தின நாளு. அவரு ஒரு பேருக்கு அலையிறாருன்னு எங்க காதுல விழுந்திருந்துச்சு." துணியைப் பிழிந்தேன். "அவதான் சொன்னா. ஆம்பளப் புள்ள கண்ணு முன்னால இருந்து படிக்கட்டும் அக்கா. நம்ம பொட்டச்சி எதப் படிச்சா என்ன, கட்டிக்கொடுக்கப் போறதுதானன்னு. எனக்கும் அப்ப அது சரின்னுதான் பட்டுச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அந்த வயதான கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே நாற்பது வருடத்துக் கோபம் மொத்தமும் வந்தது. பெரியம்மா மீதுகூட இல்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அவள் மீது. மூன்று நாள் நான் அழுததைப் பார்த்தவள் அவள். இதில் அவன் காட்டு வேலைக்குப் போவது என்ற பேச்சே இல்லை என்று தெரிந்தவளும் அவள். அம்மா செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. யாரிடம் போய்க் கேட்பது?

"வையி புள்ள," என்றாள் பெரியம்மா. கண்ணோரம் நீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு வார்த்த வஞ்சிரு."

திட்ட எனக்குத் தெம்பு இல்லை. காதைத் துடைத்துவிட்டேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அந்த நேரம் வந்திருந்தது. முறிந்த பக்கம் அசையாமல் கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்து, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து, ஒரே மூச்சில் அவளைத் திருப்பினேன். அவளுக்கு வலிக்கவில்லை. இந்த வேலை எனக்கு நன்றாக வரும்.

திரையை விலக்கிக்கொண்டு சிஸ்டர் வந்தாள். போன வருடம்தான் படிப்பு முடித்து வந்த பெண், இருபத்திரண்டு வயது, ஆடலூர்க்காரி. கட்டில் காலில் தொங்கிய சார்ட்டை எடுத்து, "அக்கா, பொசிஷன் மாத்தியாச்சா?" என்றாள்.

"மாத்தியாச்சு சிஸ்டர்."

சார்ட்டில் ஆயாக்கள் எழுதக் கூடாது. அவள் பேனாவைத் திறந்து, எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சொன்னேன். அதற்கு நேராக அவள் தன் பெயரை எழுதிக்கொண்டாள்.